இருபத்திரண்டாம் எபிசோடில் காலமானார்

ஒருவரிடம் ஒரு அனிமே தொடரைப் பார் என்று சொல்வதும் கலியாணம் பேசி வைப்பதும் ஒன்றுதான். பிடித்துப்போனால் பேசி வைத்தவரை யாரும் நினைப்பதில்லை. பிடிக்காவிட்டால் காலம் முழுக்கத் திட்டு. இது தெரிந்தும் நான் சில வருடங்களாக ஊருக்கெல்லாம் தொடர் பேசி வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேலை முல்லைத்தீவு ரவுணில் ஒரு மருந்துக்கடையில். இருமலுக்குப் பாணி வாங்க வருகிற பெடியனின் போனில் அனிமே ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், பாணியோடு சேர்த்து நல்லதாக ஒரு தொடரையும் சொல்லி அனுப்புவேன். முதலாளி இதற்காக என்னைப் பலமுறை பேசிவிட்டார். நான் திருந்தவில்லை.

‘வன்னி அனிமே குடும்பம்’ என்ற வட்ஸ்அப் குழுவுக்கும் நான்தான் அட்மின். குடும்பம் என்று பெயர் வைத்ததாலோ என்னவோ அங்கே சண்டைக்குக் குறைவே இல்லை. தமிழ்க் குரல் கொடுத்ததைப் பார்ப்பதா, யப்பான் குரலோடு கீழே எழுத்தை வாசிப்பதா என்ற சண்டையில் கிளிநொச்சிக்காரர் இரண்டு பேர் இன்றைக்கும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அதில் ஒருவர் மற்றவரின் மச்சான்.

இந்தக் குழுவில் என் நித்திரையைக் கெடுத்தவர் ஒரே ஒருவர்தான். நாயாற்று ஸ்ரனிஸ்லஸ் அண்ணை.

ஸ்ரனிஸ்லஸ் அண்ணைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. நாயாற்றுக் கரையில் கடற்தொழில் செய்பவர். மகள் நிரோசினிதான் அவரைக் குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்டாள். “அக்கா, மாரி மழைக்கு வள்ளத்தை இழுத்து வச்சிட்டு வீட்டுக்குள்ள இருந்து என்ர உயிரை எடுக்கிறார். ஏதாவது பாக்கக் குடுங்கோ.” நானும் பெரிய மனதோடு சேர்த்தேன். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

முதலில் பேய்கள் சாப்பாட்டுக்கடை நடத்துகிற தொடரைப் பார்க்கச் சொன்னேன். குழுவே கொண்டாடிய தொடர். இரண்டாவது எபிசோடோடு அண்ணையின் குரல் மெசேஜ் வந்தது.

“தங்கச்சி, அந்தப் பெட்டை கொடுவாவைச் செதிள் எடுக்காமல் சட்டியில போடுறாள். பேயெண்டாலும் ஒரு முறை இருக்கெல்லோ. நான் விட்டிட்டன்.”

சரி, மீன் இல்லாத தொடராகப் பார்ப்போம் என்று வலைப்பந்து ஆடுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தொடரைக் கொடுத்தேன். “வெண்டாலும் அழுகுதுகள், தோத்தாலும் அழுகுதுகள். இதை நான் வீட்டிலயே பாக்கலாம். விட்டிட்டன்.” கப்பல்காரரின் தொடர் ஒன்று கொடுத்தேன். “கச்சான் காத்து இந்த அடி அடிக்கேக்க பாயை விரிக்கிறான். அரை மணித்தியாலத்தில ஆள் சரி. நான் ஏன் இருந்து பாப்பான்?” பேசுகிற பூனை, பறக்கிற ரயில், நூறு வாள் வைத்திருக்கும் இளவரசி, எல்லாமே இரண்டாம் எபிசோடில் செத்தன. “விட்டிட்டன்” என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். குழுவில் சின்னப் பெடியள் எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி என்னைப் பகிடி பண்ணத் தொடங்கினார்கள். நான் மனதுக்குள் முடிவெடுத்தேன். இந்த மனிதர் நான் சொன்ன ஒரு தொடரையாவது கடைசி வரை பார்த்து முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் அட்மினாக இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்படித்தான் தோணிக்காரர் தொடரைத் தேடிப் பிடித்தேன். அதன் யப்பான் பெயர் வாய்க்குள் நுழையாதபடியால் நாங்கள் வைத்த பெயர் அது. யப்பானின் வடக்கில் இரண்டு சின்னத் தீவுகள். நடுவில் ஒரு தோணி. அதை ஓட்டுகிற கிழவர் கிசாபுரோ. பாலம் கட்ட வருகிறார்கள், கிழவரின் பிழைப்புப் போகப்போகிறது, அவர் பாலம் கட்டுகிறவர்களையும் தோணியில் ஏற்றி இறக்குகிறார். கதை அவ்வளவுதான். சண்டை இல்லை, பேய் இல்லை, இருபத்துநான்கு எபிசோடும் தண்ணீர்.

அண்ணை இரண்டாவதைத் தாண்டினார். நான் மூச்சுக் காட்டவில்லை. மூன்றாவது முடிய மெசேஜ் வந்தது.

“துடுப்புப் பிடிக்கிறது சரி.”

கடையில் நின்ற எனக்குக் கை கால் ஓடவில்லை. சக்கரை வருத்தக்கார ஐயா ஒருவருக்குக் காய்ச்சல் குளிசையை எடுத்து நீட்டிவிட்டேன், நல்லகாலம் அவரே பார்த்துத் திருப்பித் தந்தார்.

அதற்குப் பிறகு அண்ணை ஆளே மாறிவிட்டார். “இண்டைக்குக் கிழவன் வடிவா நங்கூரம் போட்டவர்.” “கிழவனுக்கு இடுப்பு நோகுது, ஒருத்தரும் கவனிக்கினமில்லை.” “தமிழில கதைக்கேக்க ஏன் சென்னைக்காரர் மாதிரிக் கதைக்கிறார்? பரவாயில்லை, நல்ல மனிசன்.” நாயாற்றில் அவருடைய மீன்வாடிப் பக்கம் மெசேஜ் போகிற அளவுக்குத்தான் சிக்னல், படம் ஓடாது. சனிக்கிழமைகளில் ரவுணுக்கு ஐஸ் எடுக்க வரும்போது போனில் இறக்கிக்கொண்டு போய், கிழமை முழுக்க வைத்துப் பார்ப்பார். அதனால் அவர் எங்களை விட நன்றாகப் பின்னால் நின்றார். இருபத்திரண்டாம் எபிசோடில் கிசாபுரோ சாகிறார் என்பது குழுவில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக்கூடாது, திறந்தால் குழுவை விட்டுத் தூக்குவேன் என்று அறிவித்தேன். சும்மா சொல்லக்கூடாது, எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் லக்‌ஷனிடம் நான் வாயை மட்டும்தான் கட்டச் சொன்னேன்.

லக்‌ஷன் நெளுக்குளத்துப் பெடியன். ரவுணில் பனர் அடிக்கிற கடையில் வேலை. இளகிய மனம். அவன் வெள்ளி பின்னேரம் இருபத்திரண்டாவதைப் பார்த்திருக்கிறான். அழுதிருக்கிறான். அழுத கையோடு மெசினைப் போட்டிருக்கிறான்.

சனி காலை முள்ளியவளையிலிருந்து வந்த பஸ்ஸால் இறங்கினேன். பஸ் நிலையத்து வேலியில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி. எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் சங்கம், கழகம், பள்ளிக்கூட நண்பர்கள் என்று ஆளுக்கொன்று அடித்துச் சந்தியெல்லாம் கட்டுவார்கள். ஆர் செத்தது என்று நிமிர்ந்து பார்ப்பது பல் விளக்குகிற மாதிரி ஒரு பழக்கம். நானும் பார்த்தேன்.

‘யப்பானைப் பிறப்பிடமாகவும் எங்கள் நெஞ்சங்களை வதிவிடமாகவும் கொண்ட அமரர் கிசாபுரோ அவர்கள் கடலன்னை மடியில் காலமானார்.’

இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் படம். அதுவும் கீறின படமில்லை. பாவி, போனில் உள்ள ஏஐ செயலியில் போட்டு உண்மையான ஆளாக்கியிருந்தான். செயலி கிழவரின் ஓலைத் தொப்பியைக் கழற்றி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலையை வாரி, ஓய்வுபெற்ற கிராம விதானையார் மாதிரி ஆக்கிவைத்திருந்தது. இடது புருவத்தின் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. எங்கள் குழுவின் பெயர் ஆக அடியில், கட்டின இடத்தில் மடிந்து மறைந்துபோயிருந்தது.

லக்‌ஷனுக்குப் போன் எடுத்தேன்.

“அக்கா, பாத்தனீங்களோ?” என்றான். “மனம் கேக்கேல்ல அக்கா.”

“எருமை! இண்டைக்குச் சனிக்கிழமை. ஸ்ரனி அண்ணை ஐஸுக்கு வருவார்!”

“ஐயோ” என்றான். “நான் வேலையால வர ஏலாதக்கா. நீங்கள் கழட்டுங்கோ.”

கழட்டுங்கோவாம். சொல்லுவது லேசு. எங்கள் ஊரில் கண்ணீர் அஞ்சலியைக் கட்டத்தான் ஆட்கள், கழற்ற ஆள் கிடையாது. முப்பத்தோராம் நாள் முடிந்து, காற்றில் கிழிந்து, ஆடு தின்று அதுவாகப் போகவேண்டும். அதற்கு முன்னால் கை வைப்பவர் செத்தவரோடு காணிச்சண்டை உள்ளவர் என்றுதான் அர்த்தம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வேலியில் ஒரு கால் வைத்தேன். மேல் முடிச்சில் கை பட்டதும் கீழே ஒரு குரல்.

“ஏய் பிள்ளை! செத்த மனிசனோட உமக்கு என்ன கோவம்?”

பேச்சியம்மா. பஸ் நிலையத்தில் கச்சான் கடலை விற்பவர். அவருடைய குரல் ஒலிபெருக்கி இல்லாமலே கடற்கரை வரைக்கும் கேட்கும்.

“இல்லையம்மா, இது பிழையாக் கட்டினது…”

“என்ன பிழை? எங்களுக்குக் கிணறு கட்டித் தந்த யப்பான் ஐயாவெல்லோ இவர்!”

நான் வேலியிலேயே நின்றேன். போர் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் கிணறு, கண்ணிவெடி அகற்றல், வீட்டுத்திட்டம் என்று எத்தனையோ நாட்டுக்காரர் வெள்ளை வாகனங்களில் வந்துபோனார்கள். அதில் யப்பான்காரரும் இருந்திருப்பார்கள்தான். ஆனால் கிசாபுரோ இருக்கவில்லை என்பதை எனக்கு அடித்துச் சொல்ல முடியும்.

“வடிவாப் பாருங்கோ அம்மா, இவர் அவரில்லை.”

“எனக்கு முகம் மறக்குமோ? எங்கட வீட்டுக் கொட்டிலுக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிச்ச மனிசன். இந்தப் புருவத்துத் தழும்பை அண்டைக்கே கேட்டனான். சிரிச்சவர்.”

அதற்குள் ஓட்டோக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒருவருக்கு அவர் தண்ணீர்ப் பம்பி கொடுத்திருந்தார். இன்னொருவரின் மாமாவுக்கு ஆடு கொடுத்திருந்தார். மூன்றாமவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, ஆனால் ஒருநாள் கை காட்டியிருந்தார். பூக்கடையிலிருந்து மாலை வந்தது. யாரோ மண் சிட்டியில் விளக்கு ஏற்றினார்கள். ஓட்டோச் சங்கம் கறுப்புக் கொடி கட்டுவதைப் பற்றி ஆலோசித்தது. இவர்களிடம் போய், இவர் ஒரு கார்ட்டூன், போன வருடம் ஆரோ கீறினது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் நம்பமாட்டார்கள். நம்பினால் அதைவிட மோசம்.

அப்போதுதான் சந்தியில் அண்ணையின் மோட்டார்சைக்கிள் திரும்பியது. பின்னால் ஐஸ்பெட்டி.

வேலியால் குதித்தேன். கைப்பைக்குள் இருந்த குடையை விரித்து, படத்தின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். மழையும் இல்லை, அந்தப் பக்கம் வெயிலும் இல்லை.

“என்ன தங்கச்சி இதில நிக்கிறீர்? கடை திறக்கேல்லயோ?” அண்ணை மோட்டார்சைக்கிளை நிற்பாட்டினார்.

“சும்மா அண்ணை. காத்து வாங்குறன். நீங்கள் ஐஸ் கரையமுன்னம் போங்கோ.”

“ஐஸ் இன்னும் எடுக்கேல்ல. தங்கச்சி, இருபத்தொண்டும் முடிச்சிட்டன். கிழவன் கடைசியில மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கடலைப் பாத்துக்கொண்டு நிண்டாரெல்லோ, எனக்குப் பயமாக்கிடக்கு. மிச்சத்தை இறக்கத்தான் வந்தனான்.” முகம் எல்லாம் சிரிப்பு. இவ்வளவு நாளில் அண்ணை என்னோடு இப்படி ஆசையாகக் கதைத்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

“போங்கோ அண்ணை. அங்கால கடையில நல்ல வைபை இருக்கு.”

அவர் போயிருப்பார். பேச்சியம்மா விட்டால்தானே.

“தம்பி, இஞ்ச வாரும்! நீரும் ஒரு பூ வச்சிட்டுப் போம். பிள்ளை, குடையை எடும், ஐயாவின்ர முகம் தெரியேல்ல.” எடு என்று சொல்லிக்கொண்டே அவரே குடையைப் பிடுங்கிவிட்டார்.

அண்ணை பார்த்தார்.

வெள்ளைச் சேட்டும் வாரின தலையும் அவரை ஏமாற்றவில்லை. இருபத்தொரு எபிசோடும் அந்த முகத்தோடு கடலில் கிடந்தவர். புருவத்தில் கண் நின்றது. பிறகு எழுத்தை ஒவ்வொரு வரியாக வாசித்தார். தொப்பியைக் கழற்றினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ‘விட்டிட்டன்’ என்ற சொல்லுக்காகக் காத்து நின்றேன்.

“எத்தினையாவதில?” என்றார்.

“இருபத்திரண்டில அண்ணை.”

“உடம்பு கிடைச்சதோ?”

“இல்லை அண்ணை.”

பேச்சியம்மா நீட்டிய தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்துப் படத்தடியில் வைத்தார். சிலுவை அடையாளம் போட்டார். மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஐஸ் எடுக்கவில்லை. மிச்ச எபிசோடையும் இறக்கவில்லை.

“பாத்தீரே? அந்தத் தம்பிக்கும் ஐயா ஏதோ குடுத்திருக்கிறார்” என்றார் பேச்சியம்மா.

மத்தியானம் குழுவைத் திறந்தால், ஸ்ரனிஸ்லஸ் வெளியேறிவிட்டார் என்று காட்டியது. எனக்கு வந்த கோபத்தில் லக்‌ஷனைப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. கடைசியில் அவன், “நான் அவரை உண்மையான ஆள் எண்டு நினைச்சிட்டன் அக்கா” என்றான். அதற்கு மேல் அவனைப் பேச எனக்கும் வாய் வரவில்லை. அன்றிரவு நான் சோறும் தின்னவில்லை. ஒரு தொடர்தானே, ஒரு கிழவர்தானே என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆறவில்லை. ஒரு மனிதர் வாழ்க்கையில் முதல் தடவை ஆசைப்பட்டு ஒரு கதைக்குப் பின்னால் போனார், அதை அவர் கையில் கொடுத்த நாங்களே பறித்துவிட்டோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த கிழமை நிரோசினி எனக்குப் போன் எடுத்தாள்.

“அக்கா, ஞாயிற்றுக்கிழமை எங்கட கோயில் பூசைக்கு அப்பா வரச் சொன்னவர். பனர் அடிச்ச அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்.”

“கோவமோ?”

“தெரியேல்ல அக்கா. ஆள் கிழமை முழுக்கக் கதைக்கேல்ல.”

லக்‌ஷன் அடி விழும் என்று பயந்தான். தடித்த சேட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தான். நாயாற்றுக் கோயிலில் கடைசி வாங்கில் இருந்தோம். நான் சைவ சமயம், எழும்புவதும் இருப்பதும் எப்போது என்று தெரியாமல் முன்னால் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அண்ணை முன்வரிசையில், வெள்ளைச் சேட்டோடு. பூசை தொடங்கமுன் பாதர் வழக்கம்போல, அன்றைய திருப்பலி யாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று பெயர்களை வாசித்தார்.

“காலஞ்சென்ற அல்பேர்ட், காலஞ்சென்ற அற்புதம்…” ஒரு சின்ன நிறுத்தம். பாதர் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். “காலஞ்சென்ற கிசாபுரோ.”

லக்‌ஷன் என் கையைப் பிடித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கப் போய்க் கண்ணால் தண்ணீர் ஓடியது. முன்னால் இருந்த பெண்மணி பாவம், நான் செத்தவரின் உறவாக்கும் என்று நினைத்து ஒரு லேஞ்சியை நீட்டினார். வாங்கி நன்றாக மூக்கைச் சீறினேன்.

பூசை முடிந்து அண்ணை வெளியே வந்தார். 

“பாதர் ஒண்டும் கேக்கேல்லயோ அண்ணை?”

“கேட்டவர். ஆர் எண்டு கேட்டார். தோணிக்காரன், கடலோட போனவர், உடம்பு கிடைக்கேல்ல எண்டன். அவர் எழுதிப்போட்டார்.” கொஞ்சம் நடந்தார். “கடலோட போனவைக்கு இஞ்ச பூசை குடுக்காமல் விடுறேல்ல தங்கச்சி. எந்த ஊர் ஆள் எண்டு பாக்கிறேல்ல.”

“பிறகேன் அண்ணை குழுவை விட்டுப் போனனீங்கள்?”

“பிறகு? நீங்கள் இருபத்துநாலையும் பனர் அடிச்சுக் கட்டுவீங்கள்.” லக்‌ஷனை ஒரு பார்வை பார்த்தார். “படம் வடிவா அடிச்சிருக்கிறீர் தம்பி. தொப்பியைக் கழட்டினதுதான் பிழை. வாங்கோ, மிச்சத்தைப் பாப்பம். பூசை குடுக்காமல் மிச்சத்தைப் பாக்க எனக்கு மனம் வரேல்ல.”

அவர் வீட்டில் நிரோசினி எல்லாம் இறக்கி வைத்திருந்தாள். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து, கதிரைகளை இழுத்துப் போட்டு இருந்தோம். இருபத்திரண்டு தொடங்கியது. புயல். பாலத்து வேலையாட்கள் பாறையில் அகப்பட்டிருக்கிறார்கள். கிசாபுரோ தோணியை அவிழ்க்கிறார். 

கிழவர் செத்துவிட்டார் என்று அண்ணைக்குத் தெரியும். பூ வைத்தவர், பூசை கொடுத்தவர். ஆனால் அலை எழும்பத் தொடங்கியதும் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். “இடப்பக்கம் வாங்கு! அலைக்கு முகத்தைக் குடு, முகத்தைக் குடு! ஐயோ, அந்தப் பெடியனை முதல்ல ஏத்தாதை, பாரம் ஒரு பக்கம் போகுது!” குரல் வாடி முழுக்கக் கேட்டிருக்கும். கிழவர் எல்லோரையும் கரை சேர்த்துவிட்டு, கடைசி ஒருவனுக்காகத் திரும்பிப் போனபோது அண்ணையின் குரல் இறங்கிவிட்டது. “போகாதை அண்ணை” என்றார். அவ்வளவுதான்.

இருபத்துமூன்று ஓடியது, இருபத்துநான்கும் ஓடியது. பாலம் திறந்தார்கள். முடிந்துவிட்டது. நிரோசினி தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டாள். லக்‌ஷன் முகத்தைச் சேட்டால் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணை கறுத்துப்போன போனையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“தங்கச்சி, இது இப்பிடித்தான் முடியும் எண்டு உமக்கு முதலே தெரியுமோ?”

“ஓம் அண்ணை.”

“தெரிஞ்சுகொண்டோ எனக்குத் தந்தனீர்?”

“ஓம்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. பெருவிரலால் போனின் கண்ணாடியைத் துடைத்தார்.

“முதலாவதைப் போடும்” என்றார். “மனிசன் உயிரோட இருக்கேக்க இன்னொருக்காப் பாப்பம்.”